இதர காரணங்கள்

மாதம் பத்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்
அட்டைப் புள்ளிவிவரம்.
வழங்கியவை எத்தனை, உயிரோடு இருப்பவை எத்தனை
(உயிர் என்பது என் சொல்,
படிவத்தில் 'செயல்பாட்டில் உள்ளவை').
ஏடிஎம்மில் எத்தனை தடவை, எவ்வளவு தொகை.
கடை மெஷினில் எத்தனை தடவை, எவ்வளவு தொகை.
தொகையை லட்சத்தில் எழுத வேண்டும்.
பந்தலூர்க் கிளைக்கு அது
அண்ணனின் சட்டை.

ஜூலையில் மூன்று நாள் பூஜ்யம்.
சேரம்பாடி வளைவில் ஒற்றைக் கொம்பன்
முதுகு தேய்த்துக்கொண்டதில்
கேபிள் கம்பம் சாய்ந்து
மலை முழுக்கப் பணம் ஊமையானது.
சரிவுக்குக் காரணம் கேட்டது மண்டல அலுவலகம்.
பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்:
மின்தடை, பண இருப்பின்மை, பராமரிப்பு, பண்டிகை விடுமுறை.
யானை இல்லை.
கடைசியில் இருந்தது இதர காரணங்கள்.
அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும்,
நாற்பது எழுத்துக்குள் விளக்கலாம்.
யானை என்று எழுதினேன்.
யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகஸ்டில் பாராட்டு வந்தது.
பெண்கள் அட்டைப் பயன்பாட்டில்
அந்தக் காலாண்டு நாங்கள் முதலிடம்.
மேலாளர் வில்ஃபிரட் சார்
எல்லோருக்கும் டீயும் வர்க்கியும் வாங்கித் தந்தார்.
அந்த எண்ணைக் கூட்டியவள் நான்.
வர்க்கியின் தூள் மேசையில் உதிர உதிர
கூட்டியதை ஒருமுறை பிரித்துப் பார்த்தேன்.

எஸ்டேட் சம்பளம் ஏறிய மறுகாலை, ஏழாம் தேதி.
ஆறு பத்துக்கு ஓர் அட்டை.
ஆறு பதினொன்றுக்கு அடுத்தது.
ஆறு நாற்பத்து நான்குக்குள் முப்பத்தொன்று.
முப்பத்தோரு பெண்கள் வரிசையில் நின்றால்
ஒருத்தியாவது ரகசிய எண்ணை மறந்திருப்பாள்,
பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவதற்குள்
ஒருத்திக்காவது திரை அணைந்திருக்கும்.
ஒரு தவறும் இல்லை.
இது கொழுந்து கிள்ளுகிற கை அல்ல,
கல்லாவில் எண்ணிப் பழகிய கை.

செப்டம்பர் ஏழு. பால் வாங்கப் போகிறவள் போல் போனேன்.
பனிக்குள் ஏடிஎம் மட்டும் நீலமாக எரிந்தது.
உள்ளே மளிகைக்கடை ரெத்தினவேல்.
ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டு,
ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி,
பிளாஸ்திரியில் பால்பாயிண்ட்டில் நாலு இலக்கம்.
"அவசரமா மேடம்? நீங்க எடுத்துக்குங்க"
என்று ஒதுங்கி நின்றார்.
ஒளிக்கவில்லை.
"அரிசி, மருந்து, ஸ்கூல் பீஸ்.
எல்லாம் நம்ம நோட்டுல இருக்கு.
நீங்க குடுத்திருந்தா எங்கிட்ட ஏன் வரப்போறாங்க?"

மேலே இருந்த அட்டையின் பெயரைத் தலைகீழாகப் படித்தேன்.
செல்லாயி எம்.
மே மாதம் பதினைந்தாயிரம் கடன் கேட்டு வந்தவள்.
பிணை ஏதும் இல்லை என்று திருப்பியது
என் கையெழுத்து.
பிணை இருந்திருக்கிறது.
நாங்கள்தான் கொடுத்திருந்தோம்,
அவள் பெயரை அச்சடித்து, உறையில் போட்டு, இலவசமாக.

நான் பணம் எடுக்காமலே திரும்பினேன்.
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இன்று பத்தாம் தேதி.
நானூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொன்றைக் கழித்து
முந்நூற்று எண்பத்தொன்று என்று போட்டேன்.
கட்டம் சிவந்தது. சரிவுக்குக் காரணம்?
அதே பட்டியல். மளிகைக்கடை இல்லை.
பெட்டியைத் திறந்து தட்டினேன்:
முப்பத்தோரு பெண்களின் அட்டை ஒருவர் கையில்.

இந்த மென்பொருளுக்குத் துணையெழுத்தும் ஓர் எழுத்து,
புள்ளியும் ஓர் எழுத்து.
'பெண்கள்' என்றால்
ஒற்றைக் கொம்புக்கே ஓர் இடம் போய்விடுகிறது.
கடைசிப் புள்ளி நாற்பத்தொன்று.
அதை மட்டும் வெட்டிக்கொண்டு
'கையில' என்று நின்றது,
செல்லாயி பேசுகிற மாதிரியே.

புள்ளிவிவரத்தில் ஒரு புள்ளி குறைகிறது.
அப்படியே அனுப்பினேன்.